உம் கொட்டாத ஒருவர்

எங்கள் ஊர்ப்பக்கம் கதை சொல்கிறவர்கள் முதலில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். "நான் கதை சொல்லுதேன், நீங்க உம் கொட்டணும். உம் நின்னா கதையும் நின்னுரும்." வாசலில் கயிற்றுக் கட்டிலில் அப்பத்தா, கீழே கோரைப்பாயில் நாங்கள் நாலைந்து பேர். இருட்டில் அவளுக்கு எங்கள் முகம் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'உம்' வந்தால்தான் அடுத்த வாக்கியம். உம் சத்தம் தேய்ந்து ஒரே ஒரு குரல் மிஞ்சும்போது, "எல்லாம் தூங்கிருச்சாக்கும்" என்று நிறுத்திவிடுவாள். கிணற்றில் விழுந்த ராஜகுமாரி விடியும்வரை கிணற்றுக்குள்ளேயே கிடப்பாள். வில்லுப்பாட்டிலும் இது உண்டு. அண்ணாவி ஒரு வரி சொல்லி நிறுத்த, குடம் அடிக்கிறவரும் பக்கத்தில் இருப்பவர்களும் "ஆமா" போடுவார்கள். அந்த ஆமா இல்லாமல் வில்லடித்துப் பாருங்கள், கதை நகராது.

இரவு பதினொன்றரைக்கு மேல், பல்லாவரத்து வாடகை வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கைப்பேசியிடம் கதை சொல்கிறவளுக்கு யார் உம் கொட்டுவார்கள்? முதல் மூன்று பதிவுகளில் என் குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். நாலாவதில்தான் ஒரு வழி தோன்றியது. வாக்கியம் முடிந்ததும் மனசுக்குள் நானே ஓர் உம் போட்டுக்கொள்வது. அந்த இடைவெளியைத்தான் "உங்க வாய்ஸ்ல ஒரு நிதானம் இருக்கு" என்று பிற்பாடு பலரும் பாராட்டினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

இது ஆரம்பித்தது 2021 மே மாதம். 17ஆம் தேதி இரவு கி. ராஜநாராயணன் காலமானார். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம், யாரும் எங்கேயும் போக முடியாது. புதுச்சேரியிலிருந்து இடைசெவலுக்கு அவர் உடல் வந்ததைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். இடைசெவல் எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. அந்த வாரம் தோழிகள் குழுவில் அவருடைய 'கதவு' கதையை வாசித்துக் குரல் பதிவாகப் போட்டேன். ஓரிடத்தில் தொண்டை அடைத்து நிறுத்தியதும் பதிவிலேயே இருந்தது. "கி.ரா.வை வாசிச்சது போதும், உங்க அப்பத்தா கதையச் சொல்லு" என்றாள் ஒருத்தி. படம் வரைய ஒருத்தி, வெட்டி ஒட்ட ஒருத்தி, குரலுக்கு நான். ஒரு கதை பன்னிரண்டு நிமிஷம். மழை, கம்மாய், பருத்தி மார், அத்தை ஓடிப்போனது, குதிரைவாலிச் சோறு, மிதுக்கு வத்தல். கரிசலில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் என்ன விஷயம் இருக்கிறது?

அப்பா தலைமுறைக்கு 'நேயர்' என்றால் போஸ்ட் கார்டு. இலங்கை வானொலிக்குப் பாட்டுக் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, கே.எஸ். ராஜாவின் குரலில் தன் பெயர் வருமா என்று மாதக்கணக்கில் காத்திருந்ததை இன்றைக்கும் சொல்வார். ஒரு தடவை வந்ததாம். ஊர்ப் பெயரைக் கொஞ்சம் மாற்றி வாசித்துவிட்டார்களாம். அந்தத் தப்பான பெயரையும் பெருமையாகவே சொல்லுவார். எனக்கு வருவதெல்லாம் குரல் செய்திகள். தோஹாவில் நர்ஸாக இருக்கும் ஓர் அக்கா, நைட் ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது பேசுவார். சேலத்தில் ஒரு பையன், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தன் தாத்தாவின் சைக்கிளைப் பற்றி ஏழு நிமிஷம் பேசினான். கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது என் கதையைப் போட்டுவிடுகிறேன் என்று ஓர் அம்மா. பின்னாலிருந்து அந்தக் குழந்தை ஏதோ சொல்லும்.

ஒன்றைக் கவனித்தேன். யாருமே என் கதையைப் பற்றிப் பேசுவதில்லை. "உங்க கதையைக் கேட்டதும்" என்று தொடங்கி, அரை நிமிஷத்துக்குள் அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அப்புறம், இதுதான் அந்த உம் என்று புரிந்தது. மூன்று நாள் கழித்து வருகிற உம்.

இன்னொன்றும் உண்டு. மரம், மழை, பறவை என்று சொன்னால் ஆளுக்கு ஒரு இதயப் படம் அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். சாப்பாட்டைச் சொன்னால் அளவு கேட்பார்கள். குதிரைவாலிக்கு எவ்வளவு தண்ணி, மிதுக்கு வத்தல் ஆன்லைனில் கிடைக்குமா, உப்புக்கண்டம் வெயிலில் எத்தனை நாள். அழுவதும் சாப்பாட்டுக் கதைக்குத்தான். "கண்ணு கலங்கிருச்சு", "அதெல்லாம் ஒரு காலம்", "அந்த மனுசங்க இப்ப இல்லங்க." எந்த இடத்தில் அழுகிறார்கள் என்று எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. பிடிபட்டபின் அந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டினேன். அப்பத்தா மெல்ல மெல்ல ஒரு தெய்வமாக மாறிக்கொண்டிருந்தாள். நிஜ அப்பத்தா மூக்குப்பொடி போடுவாள், கோபம் வந்தால் வாயில் நல்ல வார்த்தை வராது, அம்மாவை ஆறு வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏ, இங்க வா" என்றே ஓட்டினாள். இதெல்லாம் பன்னிரண்டு நிமிஷத்தில் அடங்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

கூழ்க் கதையைப் போட்டது 2023 ஜனவரியில். நன்றாக வந்த கதை அது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து, உரலில் போட்டுக் குத்தி, தவிட்டைப் புடைத்துத் தள்ளி, மறுபடி இடித்து, மாவும் குருணையுமாக உலையில் கொட்டித் துடுப்பால் கிண்டுவது. ஆறினபின் உருண்டை பிடித்து நீச்சத்தண்ணியில் போட்டு வைப்பது. மறுநாள் அந்த உருண்டையை மோர் விட்டுக் கரைக்கும்போது வருமே ஒரு புளிச்ச வாசம், அதைச் சொல்ல ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், என் கை முழங்கைவரை உள்ளே போகும் வெடிப்பு. உச்சிப்பொழுதில் காட்டுவேலைக்கு வந்தவர்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்று கூப்பிடுவார்கள்: "தாயீ... கூழு ஊத்துங்க தாயீ..." அந்த இழுவையை அப்படியே இழுத்துச் சொன்னேன். மூன்று தடவை எடுத்து, நன்றாக வந்ததை வைத்துக்கொண்டோம். அப்பத்தா பானையோடு போவாள், யார் வயிறும் காய விடமாட்டாள்.

கடைசியில் ஒரு சின்ன வேடிக்கை வைத்திருந்தேன். எங்கள் மாட்டுத்தொழுவின் எரவாணத்தில் அரிவாள், களைக்கொத்தி இவற்றோடு எப்போதும் ரெண்டு மூன்று சிரட்டைகள் செருகியிருக்கும். ஆறேழு வயசில் ஒரு நாள் அதில் ஒன்றை உருவி, மண் நிரப்பி, தட்டி, இட்லி விற்று விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பத்தா வந்தாள், பார்த்தாள், விளக்குமாற்றை எடுத்தாள். என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் தலையோடு ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். வாழ்க்கையில் அப்பத்தா என்னை அடித்தது அந்த ஒரே ஒரு தடவைதான், அதுவும் போயும் போயும் ஒரு சிரட்டைக்கு! இப்படிச் சிரிப்போடு முடித்திருந்தேன்.

அதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் கேட்ட கதை அது. "எங்க அப்பத்தாவும் இப்படித்தான், ஒரு ஓலைப்பெட்டியத் தொட்டதுக்கு என்னை விரட்டி விரட்டி அடிச்சா" என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே பேசினார். நானும் சிரிக்கும் படம் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு புதிய எண்ணிலிருந்து நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி. மின்சார ரயிலில் நின்றுகொண்டு, வழக்கம்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டேன். முக்கால் நிமிஷத்தில் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, முதலிலிருந்து கேட்டேன்.

"வணக்கம் மேடம். எம் மகன்தான் இதப் போட்டுக் காமிச்சான். அப்பா, உங்க ஊரு மாதிரியே இருக்கு கேளுங்கன்னான். ஊர்ப்பேரு நீங்க சொல்லல. கெணத்து மேட்டுல இத்திமரம், கம்மாக்கரை ஐயனாரு, கெழக்க பாத்த தொழுவுன்னு சொன்னீகள்ல, அதுல கண்டுக்கிட்டேன். எங்கம்மா உங்க வீட்டுக்குத்தான் களையெடுக்க, பருத்தியெடுக்க வருவாக. உங்கள எப்படிக் கூப்பிடன்னு தெரியல. ஊர்ல இருந்தா சின்னத்தாயின்னு கூப்பிட்டிருப்பேன். உங்கப்பாவுக்கு ரெண்டு வயசு மூத்தவன் நானு. அவரு என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுவாரு, நான் அவரச் சின்னையாம்பேன். திருப்பூருக்கு வந்து முப்பது வருசமாச்சு, இங்க எல்லாரையும் மேடம்னுதான் சொல்றது. அதையே சொல்லிக்கிடுதேன்."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம்.

"கதை நல்லாருந்துச்சு. கூழு கிண்டுறதெல்லாம் அப்படியே சொல்லிட்டீக. ஒரே ஒரு விசயம். அந்தச் செரட்டை எதுக்குன்னு நீங்க சொல்லல. தெரிஞ்சு சொல்லலையா, தெரியாமயே சொல்லலையா, அது எனக்குத் தெரியல. அது எங்களுக்கு மேடம். எங்கம்மாவுக்கு, கூட வர்றவுகளுக்கு, சின்னப்பிள்ளைல எனக்கு. குடிச்சிட்டு நாங்களே கழுவி நாங்களே சொருகி வச்சிட்டுப் போவணும். நீங்க மண்ணு வச்சு வெளையாண்டதுக்கு உங்கப்பத்தா அடிக்கல. தொட்டதுக்கு அடிச்சாக. அதான் தண்ணி ஊத்துனாக. நான் குடிச்ச செரட்டையும் நீங்க வெளையாண்ட செரட்டையும் ஒண்ணா இருக்காது. செரட்டை மாறியிருக்கும். எடம் மாறியிருக்காது."

"இன்னொண்ணு. அந்தக் கூப்பாடு. தாயீ, கூழு ஊத்துங்க தாயீன்னு பாட்டு மாதிரி சொன்னீக. கேக்க அழகாத்தான் இருக்கு. எங்கம்மா பாடல மேடம். விடியமுன்ன வந்து உச்சிவரைக்கும் குனிஞ்சு நிமிந்துட்டு, பசில கூப்பிட்ட சத்தம் அது. கோவமால்லாம் சொல்லல. சொல்லணும்னு தோணுச்சு. வச்சிரட்டா."

கிண்டியில் இறங்க வேண்டியவள் சைதாப்பேட்டையில் இறங்கினேன்.

எனக்குத் தெரியாதா? இந்தக் கேள்வியைத்தான் அடுத்த சில நாள் உருட்டிக்கொண்டிருந்தேன். விளையாடிய நாளில் தெரியாது. ஆனால் கதை சொன்ன நாளில் எனக்கு முப்பத்து மூன்று வயசு. கல்லூரியில் பாமாவின் 'கருக்கு' படித்திருக்கிறேன். அதில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தது நான்தான். வாசித்து அழுதேன். பூமணியின் 'பிறகு' என் அலமாரியில் இருக்கிறது. அது எங்கள் கரிசல்காட்டுக் கதை. இத்தனைக்கும் பிறகு எங்கள் வீட்டு எரவாணத்தை ஒருதரமாவது நிமிர்ந்து பார்க்கத் தோன்றியதா என்றால், இல்லை. என் கதைகளில் எங்கேயும் சாதிப் பெயரே வராது. சொல்லாமல் இருப்பது நாகரிகம் என்று நினைத்திருந்தேன். சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு வசதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பது நாள் அவருக்குப் பதில் போடவில்லை. என்ன போடுவது? அதைவிட, என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பெயரைக் கேட்டதும், "ஓ, அவனா? நல்லாருக்கானா?" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. ரெண்டு வயசு மூத்தவர் என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "சிரட்டையாப்பா?" என்று கேட்டேன். "அப்ப எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றார். அதற்கு மேல் பேச்சு மழைக்குப் போய்விட்டது. கோவில்பட்டி அத்தை அப்படி விடவில்லை. "எங்கம்மா யாரு வயித்தையும் காயப்போட்டதில்ல. பஞ்சத்துலயும் கம்பரிசி அளந்து குடுத்தவ. செத்தவளைப் போயி இப்ப சந்தில இழுக்கியே" என்றாள். அத்தை சொன்னதும் பொய்யில்லை. அவள் கூழ் ஊற்றினாள். சிரட்டையில் ஊற்றினாள்.

அம்மாவிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"நான் வாக்கப்பட்டு வந்த புதுசு. கிணத்தடில செரட்டை கிடந்துச்சு. யாரோ கழுவி வச்சிட்டு சொருக மறந்துட்டாக போல. எனக்குத் தெரியாது, எங்க ஊர்ல நான் அடுக்களைய விட்டு வெளிய வந்ததில்ல. எடுத்து நல்லா வெளக்கி, மத்த பாத்திரத்தோட சேத்துக் கவுத்துட்டேன். உங்கப்பத்தா அன்னைக்கு அங்க இருந்த பாத்திரம் அத்தனையும் திரும்பப் புளி போட்டு வெளக்கச் சொன்னாக. பித்தளை, வெங்கலம், எல்லாம். என்னையத் தலைமுழுகச் சொன்னாக. ராத்திரிவரை எனக்குச் சோறு இல்ல."

"அதுக்கப்புறம் நீ என்னம்மா செஞ்ச?"

"என்ன செய்ய? ஒசரத்துல இருந்து சிந்தாம ஊத்தப் பழகிக்கிட்டேன்."

இதை அவள் சொன்னவிதம், புதுசாக ஒரு கைவேலை கற்றுக்கொண்டதைச் சொல்வதுபோல இருந்தது. எப்போது அதை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். யாராவது மனசு மாறி அந்தச் சிரட்டைகளைத் தூக்கி எறிந்த ஒரு நாள் இருந்திருக்கும், அது அம்மாவாகக்கூட இருக்கலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை எனக்கு.

"நிறுத்தவெல்லாம் இல்ல. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஊருக்குள்ளயே வந்து ஆளுகள ஏத்திட்டுப் போக ஆரம்பிச்சுச்சு. அந்த வீட்டுப் பொம்பளப் பிள்ளைக அதுல போச்சு. ரேசன் அரிசி வந்துச்சு, கம்பு வெதைக்கிறதும் கொறஞ்சுச்சு. அப்புறம் நூறு நாள் வேலை. காட்டுவேலைக்குக் கூப்பிட்டா யாரும் வரல. கூழு கேட்டு யாரும் வந்து நிக்கல. செரட்டை அங்கதான் கெடந்துச்சு. தொழுவப் பிரிச்சப்ப ஓட்டோட ஓடாப் போயிருக்கும்."

பத்தாம் நாள் அவருக்கு எழுதினேன். 'சார்' என்று போட்டு அழித்தேன். 'ஐயா' என்று போட்டால் அப்பாவை அவர் கூப்பிட்டதைத் திருப்பிக் கொடுத்து நாடகம் போடுவதுபோல இருந்தது. கடைசியில், எங்கள் பக்கம் பஸ்ஸில், கடையில், மூத்தவர் யாராக இருந்தாலும் சொல்வோமே, அதையே போட்டேன். "அண்ணாச்சி, தெரிஞ்சிருக்கணும், தெரியல. தப்பு என்மேலதான். பேசலாமா?"

அன்று ராத்திரி பேசினோம். பனியன் கம்பெனி ஒன்றில் இரவுக் காவல் வேலை அவருக்கு. அம்மா போய்ப் பதினோரு வருஷம். "இத்திமரம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, கிணறுதான் தூர்ந்து கிடக்கிறது என்றேன். "அந்தக் கெணறு வெட்டுனதுல எங்க தாத்தாவும் உண்டு. வெடி வச்ச பாறைய அள்ளிப்போட்டு மண்ணு சுமந்தவரு. தண்ணி கண்டு பூச போட்டதுக்கப்புறம் அதுல எங்க ஆளுக யாரும் எறங்கினதில்ல" என்றார். எனக்கு என் மூன்றாவது கதை ஞாபகம் வந்தது. கோடை லீவில் ஊர்ப் பையன்களெல்லாம் அந்தக் கிணற்றில் குதிக்கிற கதை. 'ஊர்ப் பையன்களெல்லாம்' என்றுதான் சொல்லியிருந்தேன்.

அந்த வாரம் நாங்கள் மூன்று பேரும் கூழ்க் கதையை எடுத்துவிடலாமா என்று பேசியிருந்தோம். ஒருத்தி எடுத்துவிடு என்றாள். இன்னொருத்தி, கீழே ஒரு மன்னிப்புக் குறிப்பு போட்டால் போதும் என்றாள். அவரிடமே கேட்டேன்.

"அழிக்கவா? எதுக்கு? எங்கம்மா கூப்பிட்ட கூப்பாடு அதுல கெடக்கு, தப்பாவாச்சும். அதுக்கு அடுத்தத சொல்லுங்க."

இந்த இடத்தில் நான் இன்னொரு தப்புச் செய்தேன். "நீங்களே சொல்லுங்களேன் அண்ணாச்சி, உங்க குரல்லயே பதிவு பண்றோம்" என்றேன். நல்ல யோசனை என்றே நினைத்தேன், தலைப்புகூட மனசில் ஓடியது. அவர் சிரித்தார். சலிப்பில் வருகிற சிரிப்பு.

"நான் எதுக்குச் சொல்லணும்? எம் பேரனுக்கு அதெல்லாம் நான் சொன்னதில்ல. அது உங்க வீட்டு எரவாணம். நீங்க சொல்லுங்க."

அந்தப் பதிவை எடுக்க ஐந்து இரவுகள் ஆயிற்று. முதல் இரவு அழுதுவிட்டேன், கேட்டுப் பார்த்தால் சகிக்கவில்லை. என் அழுகையைக் கேட்டு நேயர்கள் எனக்கு ஆறுதல் சொல்வார்கள், அது எங்கே போய் முடியும் என்று தெரியும். ரெண்டாவது இரவு மேடைப் பேச்சு மாதிரி வந்தது. தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது, அதற்கு நாற்பது வருஷம் கழித்து எங்கள் எரவாணத்தில் சிரட்டை இருந்திருக்கிறது என்றெல்லாம் பேசியிருந்தேன். ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கடைசியில் எடுத்ததில் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. அம்மாவிடம் அனுமதி கேட்டு, புளி போட்டு விளக்கியதையும், உயரத்திலிருந்து ஊற்றப் பழகியதையும் சொன்னேன். "தாயீ" என்ற கூப்பாடு வருமிடத்தில் இழுக்கவில்லை. சாதாரணமாகச் சொன்னேன். சொல்லும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் மனசுக்குள் போட்டுக்கொள்கிற உம் வரவில்லை. இடைவெளி இல்லாமல் ஓடிய அந்தக் கதை ஒன்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பதில்கள் வந்தன. முன்னைப்போல் இல்லை. "நல்லாத்தானே கதை சொல்லிட்டிருந்தீங்க, ஏன் இப்படி?" என்றார் ஒருத்தர். "அதெல்லாம் அந்தக் காலம் சிஸ்டர், இப்ப யாரு பாக்கறா" என்று நாலைந்து பேர். அதற்கு முந்தைய மாதம்தான், 2022 டிசம்பரில், புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. நான் சண்டை போடவில்லை, அந்தச் செய்தியை மட்டும் அனுப்பினேன். ஒருத்தர் அதற்கும் இதயம் போட்டார், எதற்கென்று புரியவில்லை. தோஹா அக்கா ஒன்றுமே பேசவில்லை. ஓலைப்பெட்டிக்காக விரட்டி விரட்டி அடிக்கப்பட்டவர் ஒரு வாரம் கழித்து, "அந்த ஓலைப்பெட்டி யாருதுன்னு எங்கம்மாட்ட கேட்டேன்" என்று மட்டும் எழுதினார். அம்மா என்ன சொன்னார் என்று எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து கல்லூரிப் பெண் ஒருத்தி, குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலப் பேசினாள். "அக்கா, எங்க வீட்ல சிரட்டை இல்ல. சிங்க்குக்குக் கீழ ஒரு சில்வர் டம்ளர் தனியா இருக்கு. வேலைக்கு வர்ற அம்மாவுக்கு. சின்னதுல இருந்து பாக்கறேன். அது ஏன் ஷெல்ஃப்ல இல்லன்னு இன்னிக்குத்தான் யோசிச்சேன்." கேட்டுவிட்டு எழுந்துபோய் எங்கள் அடுக்களையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பெருக்கித் துடைக்க வரும் அக்காவுக்குக் காகிதக் கப்பில்தான் டீ கொடுக்கிறோம். கழுவுற வேலை மிச்சம் என்று நினைத்துத்தான். அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டி அத்தை பேசுவதை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்கு வந்த சீரில் எனக்கு எடுத்திருந்த சேலை, தை முடிந்தும் அம்மாவிடமே இருக்கிறது. அப்பா கேட்டாரா என்று தெரியாது. அவர் போன் பேச்சில் மழை வருகிறது, பயிர் வருகிறது, இது மட்டும் வருவதில்லை. ஒருமுறை மட்டும், வைக்கப்போகும்போது, "அவரு நம்பர் இருந்தா அனுப்பி வையி" என்றார். அவரு என்றுதான் என் காதில் விழுந்தது. லைன் அவ்வளவு தெளிவில்லை.

திருப்பூரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாக ரெண்டு நீலக் குறி விழுந்து பதினாறு நாள் ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என எதிர்பார்க்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எதிர்பார்த்தேன். அப்பத்தாவும் அப்படித்தானே இருட்டில் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பதினேழாம் நாள் அதிகாலையில், அவருடைய வேலை முடிகிற நேரத்தில், பதினெட்டு நொடிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கேட்டேன். கூழுக்குச் சின்ன வெங்காயமும் மோர் மொளகாயும் கடிச்சுக்கிடுவோம்னு ரெண்டு கதையிலயும் சொல்லுதீக. அது வீட்டுக்குள்ள உள்ளவுகளுக்கு. எங்களுக்கு உப்புக்கல்லு. ரெண்டு கல்லு, அதையும் மேல இருந்துதான் போடுவாக. கீழ விழுந்தா மண்ணோட பெறக்கிக்கிடணும். அதையும் சேத்துக்கோங்க."